எந்தச் சமையலறைக்குள் நுழைவது?

அன்புள்ள தம்பிக்கு,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாயிற்று, கல்லூரிக்குப் பணம் கட்ட வீட்டில் வழியில்லை, சென்னையில் ஓட்டல் வேலை இருக்கிறது என்று ஊர்க்காரர் கூப்பிடுகிறார், போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போகலாம். வேலை கிடைக்குமா என்ற கவலையே வேண்டாம்; சமையலறையில் கையாளுக்கு என்றைக்கும் இடம் உண்டு. நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு. நுழைகிற சமையலறை ஐந்து வருடம் கழித்து உன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்துச் சேர்ந்த பலர், அதே கழுவும் தொட்டி முன்னால் வருடக்கணக்காக நிற்கிறார்கள். அதே வயதில், அதைவிடக் கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்கு வேறொரு சமையலறையில் சேர்ந்தவர்கள் மாஸ்டராகியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும், பக்கத்து ஓட்டல் வாசலில் ஓர் அட்டை தொங்குவதைப் பார்க்கலாம்: சப்ளையர், கிளீனர், தோசை மாஸ்டர் தேவை, தங்குமிடம், சாப்பாடு இலவசம். அந்த அட்டையை யாரும் கழற்றுவதே இல்லை. ஓட்டல்கள் பெருகிக்கொண்டே போவது ஒரு காரணம். சேர்ந்தவர்கள் நிலைப்பதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். டிஃபன் ஓட்டலில் விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு பற்றிவிடும். சாம்பாருக்குப் பருப்பு ஏறும், முந்தின நாள் அரைத்த மாவு பொங்கி நிற்கும், இட்லித் தட்டுகளுக்கு ஈரத்துணி விரிப்பார்கள். காலைக் கூட்டம் பதினொரு மணிக்கு ஓயும்போது சாப்பாட்டுக் கூட்டம் தொடங்கும். மூன்று மணிக்குமேல் கொஞ்சம் படுக்கலாம். ஐந்து மணிக்கு மறுபடி எழுந்தால் கடை சாத்தப் பதினொன்று ஆகிவிடும். இப்படி இரண்டு துண்டாக உடைந்த நாளில், உழைத்த நேரம் எவ்வளவு என்று தொழிலாளிக்கே கணக்குத் தெரியாமல் போகிறது.

அந்தக் கணக்கு சட்டத்தில் இருக்கிறது. உணவு நிறுவனங்களுக்கென்றே தமிழ்நாட்டில் 1958-இல் தனிச் சட்டம் வந்தது. நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் வரம்பு. வார விடுமுறையும் உண்டு. பல கடைகளில் இது சுவரில் ஒட்டிய தாளாக மட்டுமே இருக்கிறது என்பது உண்மைதான். அதனால்தான் நம் பக்கத்துப் பையன்கள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கும், பைக்கில் சாப்பாடு கொண்டுபோகும் வேலைக்கும் போய்விடுகிறார்கள். காலியான இடத்துக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை. அட்டை தொங்கிக்கொண்டே இருந்த இடத்தில் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். இன்றைக்குச் சென்னையிலோ கோவையிலோ பெரிய சமையலறையில் சேர்ந்தால் கொஞ்சம் இந்தி காதில் விழும். கற்றுக்கொள். பக்கத்து அடுப்பில் நிற்பவரோடு பேசத் தெரிந்தவனிடம்தான் பின்னாளில் நாலு பேரை வைத்து வேலை வாங்கும் பொறுப்பு வரும்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

புதிதாக வருபவரை முதலில் கழுவும் தொட்டிக்கோ மேசை துடைக்கவோதான் அனுப்புவார்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. எச்சில் தட்டு வந்ததும் மிச்சத்தை வாளியில் தட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாகச் சூடான தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்க்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் துணியில் இருக்கும் கிருமி எல்லாத் தட்டுக்கும் போகும். தானாக உலரவிடுவதுதான் சுத்தம். தொட்டியருகே நிற்பவருக்கு முதலாளிக்கும் தெரியாத ஒரு செய்தி தெரியும். எந்தப் பொரியல் தொடாமலே திரும்புகிறது, எந்தச் சட்னியை வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள், சாம்பாரில் உப்பு கூடியது எந்தப் பந்தியிலிருந்து என்பதெல்லாம் அங்கே வரும் தட்டிலேயே எழுதியிருக்கும். கவனிக்கிற பையன் அதை மாஸ்டரிடம் போய்ச் சொல்வான். கவனிக்கிற பையனைத்தான் மாஸ்டர் உள்ளே கூப்பிடுவார்.

அடுத்தது காய் வெட்டு. மூட்டை மூட்டையாக வெங்காயம் வந்து இறங்கும். சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் முழுசாக, ஆம்லெட்டுக்குப் பொடியாக, பிரியாணிக்கு நீளவாக்கில் ஒரே தடிமனில். பிரியாணி வெங்காயத்தில் தடிமன் மாறினால் மெல்லியது கருகும், தடித்தது பச்சையாக நிற்கும். அடிப்படை நிறமும் மணமும் அங்கேயே கெட்டுவிடும். கத்தி பிடிக்கும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கத்தியின் அடித்தகட்டைப் பற்ற வேண்டும். காயைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். இதை முதல் வாரமே யாராவது சொல்லிக்கொடுத்தால், அது கற்றுக்கொடுக்கிற சமையலறை. ரத்தம் வந்தபிறகு துணி சுற்றிவிட்டு மறுபடி வெட்டச் சொன்னால், அங்கே நீண்ட நாள் இருக்காதே.

வெட்டிலிருந்து மாவு, மாவிலிருந்து சட்னி, பிறகு தோசைக் கல், பிறகு டிஃபன் மாஸ்டர், அதற்கும் மேலே சரக்கு மாஸ்டர். படிகள் இவைதான். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றிவிடும் வழக்கம் உள்ள கடையா என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளலாம். அங்கே தோசைக் கல்லில் நிற்பவரிடம், நீங்கள் இங்கே என்ன வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்று கேள். கிளீனராகச் சேர்ந்தேன் என்று சொன்னால் நல்ல கடை. எல்லா மாஸ்டர்களும் வெளியிலிருந்தே வந்தவர்கள் என்றால், அங்கே கையாளாக நுழைபவர் கையாளாகவே வெளியேறுவார்.

சென்னையின் உட்லண்ட்ஸ் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பாய். அதைத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ் தென்கன்னடப் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்து ஓட்டல் சமையலறையில் கடைநிலை வேலைகள் செய்தவர். பிறகு சொந்தமாகக் கடை பிடித்து, 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் திறந்தார். 1962-இல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காரிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற புதுமையால் 2008-இல் மூடப்படும்வரை ஊரே கூடும் இடமாக இருந்தது. அடிவேலை செய்த அனுபவம் இருந்ததால், எந்த இடத்தில் பண்டம் வீணாகிறது, எந்த இடத்தில் நேரம் வீணாகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பட்ரீசியா நாராயண் கதை இன்னும் பக்கத்தில் நடந்தது. திருமண வாழ்க்கை உடைந்து, இரண்டு குழந்தைகளோடு நின்ற அந்தப் பெண் 1980-களின் தொடக்கத்தில் மெரினா கடற்கரையில் ஒரு தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, வரவு 50 பைசா. அங்கிருந்து குடிசை மாற்று வாரிய அலுவலகக் கேன்டீன், வங்கிக் கேன்டீன் என்று ஏறி, நாளொன்றுக்குச் சுமார் 700 பேருக்குச் சமைக்கும் மாணவர் விடுதிக் கேன்டீன் ஒப்பந்தம்வரை போனார். பிறகுதான் சொந்த உணவகம். 2010-இல் ஃபிக்கி அமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது அவருக்குக் கிடைத்தது. இதில் விருதைவிடக் கேன்டீன் என்கிற படியைத்தான் கவனிக்க வேண்டும். கடற்கரை வண்டியில் வெயில், மழை, கூட்டம் எல்லாம் அன்றன்றைக்கு மாறும். கேன்டீனில் நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று இன்றைக்கே தெரியும். அந்த நிச்சயம்தான் அவரை மேலே தூக்கியது.

அதனால்தான் வீதியோர ஓட்டலை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லத் தோன்றுகிறது. நம் இளைஞர்கள் கண்ணில் படாமலே இருக்கிற பெரிய சமையலறைகள் தொழிற்சாலைகளுக்குள் இருக்கின்றன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி 250 பேருக்குமேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்க அரசு உத்தரவிட முடிந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து நூறு பேர் என்று அந்த வரம்பை இறக்கியிருக்கிறது. ஒரகடம், ஓசூர், கோவை, தூத்துக்குடி என்று ஆலைகள் உள்ள இடமெல்லாம் இதன் பலன் மெல்ல மெல்லத் தெரியும். ஆலைக் கேன்டீனில் ஷிப்ட் முறைதான். எட்டு மணி நேரம் முடிந்தால் அடுத்த ஆள் வந்துவிடுவார். ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு போட வேண்டியிருப்பதால், அளவு, நேரம், சரக்கு எல்லாம் தாளில் எழுதி நடக்கும். ருசியில் பெயர் வாங்க முடியாது; ஒழுங்கு பழகும். மருத்துவமனைச் சமையலறைகளும், பொறியியல் கல்லூரி விடுதிகளும் இதே வகை. மருத்துவமனையில் உப்பில்லாச் சாப்பாடு, சர்க்கரை நோயாளிக்கான சாப்பாடு, குழாய் வழியே கொடுக்கும் கஞ்சி என்று பிரித்துச் சமைப்பதைப் பழகியவருக்கு வெளியில் நல்ல மதிப்பு.

அரசு வேலை என்றால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு மோகம் இருக்கும், அக்காவுக்குக்கூடக் கேட்டிருந்தாய். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மூன்று பதவிகள். 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப அரசு ஆணையிட்டது. தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஒரு வருடம் திருப்தியாக வேலை செய்தால் சிறப்புக் காலமுறை ஊதியத்துக்கு மாற்றுவார்கள். நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் பாத்திரம் கழுவிவிட்டு வருகிற ஒரு பெண்ணுக்கு 3,000 ரூபாய் எந்த வகையிலும் நியாயமான தொகை இல்லை. சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள், அந்தக் கோரிக்கையில் முழு நியாயம் இருக்கிறது. ஆனாலும் சொந்த ஊரில், வீட்டுக்குப் பக்கத்தில், பகலிலேயே முடிகிற வேலை என்பதால் பெண்கள் இதை விடுவதில்லை.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் 1,545 பள்ளிகளோடு தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு வகை, பிள்ளைகள் வகுப்புக்குள் போகும் முன் பரிமாறி முடிக்க வேண்டும். அக்காவுக்குக் குழுவில் இடம் இருந்தால் இது நல்ல வாசல். இதையே முழு வருமானமாக நம்பிவிடாமல், காலை வேலை முடிந்தபின் சிற்றுண்டி ஆர்டர் எடுக்கத் தொடங்கினால், அளவுச் சமையல் பழகிய கைக்கு அது கடினமில்லை.

கல்யாணச் சமையலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலையூர் என்ற ஊரைச் சமையல்காரர்களின் கிராமம் என்றே சொல்வார்கள். அங்கே ஆண்கள் தலைமுறையாகக் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறார்கள். காய் நறுக்குவதில் தொடங்கும் பயிற்சி, தனியாக ஆர்டர் எடுக்கும் தகுதி வரப் பல வருடங்கள் நீளும். இந்த வேலையில் ஒரே நாளில் கற்பது ஓட்டலில் ஒரு மாதம் கற்பதற்குச் சமம். அண்டாவில் ஐநூறு பேருக்குச் சாம்பார் கூட்டும்போது புளியின் அளவும் நெருப்பின் அளவும் வீட்டுக் கணக்கைப் பெருக்கிப் போட்டால் வராது. மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும். ஆனால் முகூர்த்த நாள் இருந்தால்தான் கூலி. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதமும் கை காலியாக இருக்கும். ஓட்டலில் வேலை செய்துகொண்டே விடுப்பு நாளில் கல்யாணக் கோஷ்டியோடு போய் வருகிறவர்கள் இரண்டிலும் லாபம் அடைகிறார்கள்.

நட்சத்திர ஓட்டல் வேறு உலகம். அங்கே பாத்திரப் பிரிவுக்கு ஸ்டூவர்டிங் என்று பெயர், சமையலறையின் கடைசிப் படி கமி த்ரீ. தொட்டியிலிருந்து அடுப்புக்குப் போவது அங்கே நடக்கும், ஆனால் சான்றிதழ் இருந்தால் சீக்கிரம் நடக்கும். சென்னை தரமணியில் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, திருச்சி துவாக்குடியில் மாநில நிறுவனம். மூன்று வருடப் பட்டப்படிப்புக்குப் பணமும் காலமும் இல்லையென்றால், பத்தாம் வகுப்புத் தகுதியோடு ஒன்றரை வருட உணவுத் தயாரிப்புப் பயிற்சி தரமணியில் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களைத் தாட்கோ தன் செலவிலேயே அங்கே படிக்க வைத்திருக்கிறது. உனக்கும் உன் நண்பர்களுக்கும் பொருந்துமா என்று மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் நேரிலேயே விசாரியுங்கள். ஐ.டி.ஐ.யில் ஒரு வருட உணவுத் தயாரிப்புப் பிரிவும் இருக்கிறது. மதுரையில் பரோட்டா போட மட்டுமே கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளி நடக்கிறது, பட்டதாரிகள்கூட வந்து கற்றுப் போகிறார்கள். ஒரே ஒரு பண்டத்தில் கை தேர்ந்தாலும் வேலைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இயந்திரம் வந்து இந்த வேலைகளைத் தின்றுவிடாதா என்று கேட்பாய். கொஞ்சம் தின்றிருக்கிறது. கோவை கிரைண்டர் வருவதற்கு முன் ஓட்டலில் மாவாட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஆட்டுக்கல்லோடு அந்த வேலையும் போயிற்று. பெரிய கேன்டீன்களில் காய் நறுக்க, சப்பாத்தி சுட, பாத்திரம் கழுவ இயந்திரங்கள் வந்துவிட்டன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற வேலைக்குத்தான் முதலில் ஆபத்து. மழைநாளில் மாவு எத்தனை மணிக்குப் புளிக்கும், இந்தத் தக்காளியின் புளிப்புக்குப் புளியை எவ்வளவு குறைக்கலாம் என்று முடிவெடுக்கிற வேலைக்கு இல்லை. ஆகவே ஒரே இடத்தில் ஆறு மாதத்துக்குமேல் நிறுத்தி வைத்தால், அடுத்த பிரிவுக்கு மாற்றச் சொல்லி வாய்விட்டுக் கேள்.

இன்னொரு திறமைக்கு இப்போது புதிதாக மதிப்பு ஏறியிருக்கிறது: உணவுப் பாதுகாப்பு. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் சவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருத்தி இறந்தாள். அதன்பின் மாநிலம் முழுக்கச் சோதனைகள் நடந்தன. இத்தகைய துயரங்களில் மாஸ்டரின் கைப்பக்குவத்தைவிடக் கையாளின் வேலைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பச்சைக் கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்கினார்களா, மீந்ததை எப்படி எடுத்து வைத்தார்கள், எத்தனை மணி நேரம் வெளியில் கிடந்தது என்பவைதான் கேள்விகள்.

விதி எளிது. சூடான உணவு 65 டிகிரிக்குமேல் இருக்க வேண்டும், குளிர்ந்தது ஐந்து டிகிரிக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில்தான் கிருமி பெருகும். சோற்றில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்து வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பாக வைத்த சோற்றில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடு செய்தாலும் போகாது. அண்டா நிறைய மீந்த குழம்பை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே கிடக்கும். ஆழமில்லாத தட்டங்களில் பிரித்து ஊற்றி ஆறவைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். இதைத் தெரிந்து செய்கிற ஒரு ஹெல்பர் நூறு பேருடைய வயிற்றைக் காப்பாற்றுகிறார்.

உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும், டைஃபாய்டு தடுப்பூசியும் வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஏற்பாடு. ஃபாஸ்டாக் என்ற அந்தப் பயிற்சி 2017 முதல் நடக்கிறது, ஒரே நாளில் முடிந்துவிடும். முதலாளி அனுப்பும்வரை காத்திராமல் நீயே கேட்டுப் போய்வா. கையாளிடம் அந்தச் சான்றிதழ் இருந்தால் இன்சார்ஜ் பொறுப்புக்கு ஆள் தேடும்போது உன் பெயர் நினைவுக்கு வரும்.

இப்போது தாள் விஷயம். பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால் இ.எஸ்.ஐ. கட்டாயம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். உன் சம்பளத்தில் பிடிப்பது நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி கட்டுவது மூன்றேகால் ரூபாய். சமையலறையில் கொதி எண்ணெய் சிந்தும், ஈரத்தரையில் கால் வழுக்கும். வேலையில் காயம்பட்டுப் படுத்தால் சம்பளத்தில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ. கொடுக்கும், முக்கால் ரூபாயை மிச்சம் பிடிப்பதாக நினைத்து வேண்டாம் என்றவருக்கு ஒன்றும் கிடைக்காது. இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப். உண்டு. கடை மாறினாலும் உன் பி.எஃப்.புக்குரிய பன்னிரண்டு இலக்க எண் மாறக்கூடாது. புதுக் கடையில் புது எண் போட்டால் பழைய சேமிப்பு தனியே கிடந்துவிடும், ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து வருடச் சேவையும் துண்டு துண்டாகிவிடும். ஓட்டல்காரர்கள் அடிக்கடி கடை மாறுகிறவர்கள், ஆகவே இதில் இழப்பும் அவர்களுக்கே அதிகம். புதிய சட்டத் தொகுப்பின்படி நியமனக் கடிதம் எல்லாத் தொழிலாளருக்கும் கொடுத்தாக வேண்டும். கேட்கும்போது முகம் சுளிக்கிற இடம் எது என்று உனக்கே தெரிந்துவிடும். சம்பளத்தைக் கையில் வாங்காமல் வங்கியில் போடச் சொல். உன் கூடப் படித்தவனின் தம்பியை, பதினான்கு வயது ஆகாதவனை, சும்மா மேசை துடைக்கத்தானே என்று யாராவது அழைத்துப் போனால் தடு. அது 2006-லிருந்தே ஓட்டல்களில் குற்றம்.

கடைசியாக வெளிநாடு. கொஞ்சம் கை தேறியதும் ஏஜென்ட் ஒருவர் வந்து நிற்பார். சிங்கப்பூர் 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்களுக்கான சமையல்காரர்களை நம் நாட்டிலிருந்து பணி அனுமதியில் எடுக்க இடம் கொடுத்திருக்கிறது, மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி என்ற நிபந்தனையோடு. அங்கே அடுப்பில் நிற்க உணவுப் பாதுகாப்புத் தேர்வும் எழுதித் தேற வேண்டும். கவனி, அந்த இடம் சமையல்காரருக்கு. பாத்திரம் கழுவத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போக முடியாது. வளைகுடா நாடுகளுக்குக் கையாட்களையும் எடுக்கிறார்கள். நீ பத்தாம் வகுப்பு தேறியிருப்பதால் உன் கடவுச்சீட்டுக்குக் குடியேற்ற அனுமதி முத்திரை தேவைப்படாது. அதனாலேயே உன் வேலையைச் சரிபார்க்க ஓர் அலுவலகமும் நடுவில் இருக்காது. நீயேதான் சரிபார்க்க வேண்டும். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்கிறவரும், முதலில் சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறவரும் உன்னைக் கடனில் தள்ளப் பார்க்கிறார்கள். முகவரின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது, அங்கே பெயர் பதிந்து வை.

ஊர்க்காரர் கூப்பிடுகிற கடைக்குப் போகும் முன் ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு, கூட்டம் ஓய்ந்த நேரத்தில், அங்கே போய் ஒரு டீ குடி. வேலை செய்கிறவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கடைக்கு வருகிறவர்களுக்குப் போட்ட அதே சாப்பாடா, படுக்க இடம் எப்படி, வார விடுமுறை கிடைக்கிறதா, கடைசியாக யார் எந்தப் பிரிவுக்கு மாறினார்கள் என்று கேட்டு எழுது. ஆதார், வங்கிப் புத்தகம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களை மட்டும் கொடு. அசல் சான்றிதழைக் கடையில் யார் கேட்டாலும் கொடுக்காதே.

அன்புடன்,
அண்ணன்